ரேணுகாம்பாள் அணைத்த சூடம்

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க கண்ணுங்களா. தண்ணி தாகம் இருந்தா இப்பவே குடிச்சிடுங்க, நடுவுல எழுந்திரிக்காதீங்க. அண்ணாமலையார் மலையடிவாரத்துல, செங்கம் ரோட்டுல நடந்த ஒரு கதை சொல்றேன். சாமியை நம்பின ஒருத்தியோட கதை. சாமி நேர்ல வந்து நின்னுதுன்னு சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், கேட்டுக்கங்க.

அந்த ரோட்டில் ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம், ரேணுகாம்பாள் படுக்கை விரிப்புகளைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மலை சுற்றிவிட்டு வருகிறவர்கள் நெற்றியைக் கழுவாமல் படுத்துவிடுவார்கள். விபூதி அலசினால் போய்விடும், குங்குமம் போகாது. சோப்பைப் போட்டு, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, மறுபடி தேய்க்க வேண்டும்.

மொட்டை மாடித் தொட்டியைக் கழுவுவதற்காகச் சின்னசாமி பிளீச்சிங் பவுடர் வாளியுடன் இரும்பு ஏணியில் ஏறினான். அந்தத் தெருவில் தொட்டி, குழாய், செப்டிக் டேங்க் எதுவென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஏறுவதற்கு முன் ரேணுகாம்பாளிடம் டீ வாங்கிக் குடித்தான். "சக்கரை கம்மியாக் கீதே, மொதலாளி ஆர்டரா?" என்று சிரித்தான்.

அவள் விரிப்பைப் பிழியும்போது மேலே படீரென்று சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் அவன் சிமெண்டுத் தரையில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஏணியின் மேல்படி ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. அறுந்த இடம் முழுக்கத் துரு.

ஆம்புலன்ஸ் போன கையோடு முதலாளி தருமன் ஏணியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

பெரியாஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். சின்னசாமியின் பெண்டாட்டி கன்னியம்மாள் சொந்தக்காரர்களுடன் வந்து கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் சித்தாள் வேலை செய்பவள். கைவிரல் இடுக்குகளில் சிமெண்டு காய்ந்திருந்தது.

"குடிச்சிட்டு ஏறுனா வுழத்தான் செய்வான். அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றான் தருமன்.

சின்னசாமி குடிக்கிறவன்தான். அது ஊருக்கே தெரியும். வந்தவர்களில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கன்னியம்மாள் மட்டும் எழுந்து நின்றாள். "ரேணுகா அக்கா அங்கதான இருந்துது? அது பொய் பேசாது. அடி அண்ணாமலை கோயில்ல சூடம் அணைச்சி சத்தியமா சொல்லட்டும். குடிச்சிருந்தாருன்னு அது வாயால வந்தா, நாங்க பேசாம போயிடறோம்."

தருமன் உடனே ஒத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமை வெச்சிக்கலாம்."

ரேணுகாம்பாள் அவனிடம்தான் வேலை செய்தாள். கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் இருந்த அவனுடைய அறையில்தான் அவளும் மகள் சிந்துஜாவும் குடியிருந்தார்கள். புருஷன் இறந்த வருஷம், ஒரே ஊர்க்காரி என்று தருமன்தான் கூப்பிட்டு இடம் கொடுத்தான். அதை அவள் மறக்கவில்லை. அவனும் மறக்கவில்லை.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டான். அதுவரை அவன் அவளுக்கு நாற்காலி போட்டதில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"தங்கச்சி, உன் சொல்லுக்குத்தான் ஊர்ல மதிப்பு. நீ சொன்னா முடிஞ்சிபோச்சு."

"அவன் குடிக்கலைண்ணா. எங்கிட்டதான் டீ வாங்கிக் குடிச்சான். வாசனையே இல்ல."

"எனக்குத் தெரியாதா? கேஸு கீஸுன்னு போனா சீல் வெச்சிடுவாங்க. அப்புறம் உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

"சாமி முன்னால எப்படிண்ணா?"

தருமன் குரலைத் தணித்தான். "சொல்லிடு. அடுத்த பௌர்ணமிக்கு மலையை ஒரு சுத்து சுத்திடு, நெய் வெளக்குப் போட்டுடு. நானும் கூட வரேன். பாவத்தத் தொலைக்க ஒலகமே பிளேன் ஏறி இங்க வருது. நமக்கு வீட்டாண்டையே கீது!"

அவள் காய்ந்த விரிப்புகளை மடிக்கப் போனாள்.

சாயங்காலம் நர்ஸிங் காலேஜிலிருந்து வந்த சிந்துஜா பையைக்கூட இறக்கவில்லை. "பஸ்ஸுலயே எல்லாரும் பேசிக்கறாங்க. நீ இன்னாம்மா சொல்லப் போற?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

"அந்தாளு போன தீபத்துக்குக் குடிச்சிட்டு நம்ம வாசல்ல வாந்தி எடுத்தாரு. நீதான் கழுவுன."

"அன்னைக்குக் குடிச்சான். அன்னைக்கு ஏணி ஏறல."

"நம்மளத் தொரத்திட்டா? உன் அண்ணாமலையார் வந்து ரூம் பாத்துக் குடுப்பாரா? அட்வான்ஸும் அவரே கட்டுவாரா?"

ரேணுகாம்பாள் சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். "குடுக்கறதும் குடுக்காததும் அவரு வேலை. அதுல நான் தலையிட முடியாது. பொய் சொல்லாம இருக்கறது என் வேலை. எனக்கு அது ஒண்ணுதான்டி தெரியும்."

"எனக்கு பயமாக் கீதும்மா."

"எனக்கும்தான்," என்றாள் ரேணுகாம்பாள். உரித்த வெங்காயத்தை மகளிடம் நீட்டினாள். "நறுக்கு."

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் நல்ல காற்று. ஊர்ப் பெரியவர் தசரதன் வந்திருந்தார். கன்னியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் ஒயர் கூடை, அதில் பிளாஸ்க். தருமன் புது வேட்டி கட்டி, மூன்று பட்டையாக விபூதி பூசியிருந்தான். வெற்றிலையும் சூடமும் அவன்தான் வாங்கி வந்தான்.

ரேணுகாம்பாள் படிக்கல்லில் வெற்றிலையை வைத்து அதன்மேல் சூடத்தை வைத்தாள். தீக்குச்சி ஒன்று அணைந்தது. அடுத்ததும் அணைந்தது.

"சாமிக்கே இஷ்டமில்ல போல," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

தருமன் முன்னால் வந்து குந்தினான். இரண்டு கைகளையும் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டான். சூடம் பற்றிக்கொண்டது. அவன் கைகளுக்கு நடுவில் நன்றாக எரிந்தது.

"சின்னசாமி குடிக்கல," என்றாள் ரேணுகாம்பாள். "ஏணிப்படி துருப்புடிச்சி இத்துப்போயிருந்துது. மழை காலத்துலயே நான் தருமன் அண்ணாகிட்ட சொன்னேன். மாத்தறேன்னாரு. மாத்தல."

உள்ளங்கையை வைத்துச் சூடத்தை அணைத்தாள்.

தருமனின் கைகள் குவிந்தபடியே இருந்தன. பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "சூடத்தக் கொண்டுபோயி கோர்ட்டுல காட்டுங்க, பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். தசரதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. சிந்துஜா புத்தகங்களைக் கட்டினாள். அடி அண்ணாமலையில் தூரத்துச் சொந்தமான உண்ணாமலை, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தகர ஷெட்டைக் காட்டி, "மழை வந்தா ஒழுகும், பரவால்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள் ரேணுகாம்பாள்.

செங்கம் ரோட்டில் வேறு கெஸ்ட் ஹவுஸ்களில் கேட்டுப் பார்த்தாள். ஆள் வேண்டாம் என்றார்கள். ஒரு கஃபே நடத்துகிற அம்மாள் மட்டும் உள்ளதைச் சொன்னாள்: "நீங்க நல்லவங்கதாங்க. அதான் பயமாக் கீது. நாளைக்கு எங்க கிச்சனைப் பத்தி யாராச்சும் சூடம் கொளுத்துனா நாங்க இன்னாங்க பண்றது?"

ரேணுகாம்பாள் கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஷெட்டில் சாமி படம் மாட்ட ஆணி இறங்கவில்லை. அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து விளக்கேற்றினாள்.

ஒரு நாள் காலை ஷேர் ஆட்டோவுக்காக அவள் பழைய கெஸ்ட் ஹவுஸுக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒருத்தி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள். புடவைக்கு மேல் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்காரிக்கான நீலக் கோட்டு. அது ரேணுகாம்பாள் அளவுக்குத் தைத்தது. கன்னியம்மாளுக்குத் தோளில் இறங்கிக் கிடந்தது.

பார்த்ததும் கன்னியம்மாள் வாளியை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள்.

"அக்கா, நான் கேக்கலக்கா. அவரா கூப்ட்டுக் குடுத்தாரு. கேஸு போட்டா வருஷக்கணக்குல இழுக்கும்னாங்க. ஆஸ்பத்திரி செலவ அவரே பாத்துக்கறேன்னாரு. வீட்டுல மூணு புள்ளைங்க…"

"கால் எப்படி இருக்கு அவனுக்கு?"

"கட்டையை ஊனி எழுந்து நிக்கறாரு. நடக்கல."

"மருந்த நிறுத்தாத."

கன்னியம்மாள் போகாமல் நின்றாள். கோட்டு நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தங்க வரவங்க யாராச்சும் கேட்டா, என் வூட்டுக்காரரு குடிச்சிட்டு வுழுந்தாருன்னு நான்தான் சொல்லணுமாம். அப்படிப் பேசித்தான்க்கா வேலை குடுத்தாரு. நேத்து ஒரு வெள்ளைக்காரம்மா கேட்டுச்சு."

"சொன்னியா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

கோட்டில் பொத்தானை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தாள். ரேணுகாம்பாள் அதைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். மாடியிலிருந்து தருமன், "கன்னியம்மா!" என்று கூப்பிட்டான். "தோ வரேன் மொதலாளி!" என்று அவள் ஓடினாள். ஆட்டோ வந்தது.

அவ்வளவுதான் கண்ணுங்களா, எழுந்திரிங்க. உங்க வீட்டு அடுப்பு என்னைக்கும் எரியட்டும். உங்க வீட்டுலேர்ந்து வேலைக்குப் போறவங்க, காலைல போன மாதிரியே முழுசா, தலை நிமிந்து, சாயங்காலம் வீடு வந்து சேரட்டும்.