ஐம்பத்தொரு டிகிரி

ஆகஸ்ட் நடுப்பகல். ஷார்ஜா தொழில்பேட்டையில், கிடங்கு வாசல் வரிசையில் கார்மேகத்தின் மீன் லாரி இரண்டு மணி நேரமாக நின்றது. நின்ற வண்டியில் எஞ்சின் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் ஜிபிஎஸ் வழியே ஆபீஸுக்குத் தெரிந்துவிடும்; டீசல் வீணென்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அணைத்தால் ஏசியும் போய்விடும். நான்காவது நிமிடம் அணைப்பதும், தாங்க முடியாமல் மறுபடி போடுவதுமாக அவன் கை சாவியிலேயே கிடந்தது. பின்னால் மீன் பெட்டிக்கு மட்டும் தனி எஞ்சின்; அது ஓயாமல் உறுமியது.

அரைமணிக்கொரு முறை பெட்டியின் வெப்பநிலையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எரிச்சலில் இந்த முறை தன் சீட்டருகே இருந்த வெப்பமானியைப் படமெடுத்து அனுப்பினான்.

உடனே சூப்பர்வைசர் ஜெயசீலன் கூப்பிட்டார். "யோவ், என்னய்யா அம்பத்தொண்ணு காட்டுது? மீனெல்லாம் போச்சா?"

"மீன் மைனஸ் பதினெட்டுல நல்லா இருக்கு சார். இது நான் உக்காந்திருக்கிற இடம்."

"அப்பாடா!" என்று ஜெயசீலன் போனை வைத்தார்.