கருப்பணன் கடைசியாகப் பாடியது

1

வாசகரே, சாட்சிக்கு வாருங்கள்! செருப்பைக் கழற்ற வேண்டாம்; இது கோயிலும் அன்று, நீதிமன்றமும் அன்று. திண்டுக்கல்லில் மிக்கேல்ராஜின் அச்சகம். மையும் மண்ணெண்ணெயும் மணக்கும் மேசைமேல் ஒரு நோட்டு கிடக்கிறது. எண்பது பக்க நோட்டு, அதாவது நாற்பது தாள். எண்ணிப் பாருங்கள்: முப்பத்தாறுதான் இருக்கும். நான்கு தாள்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நான்கோடு ஒரு பெண்ணின் பெயரும், ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் நடந்துவந்த திசையும் கிழிந்து போயின. கிழித்தவர் ஒருவர். கிழிந்துபோன நோட்டிலிருந்து அச்சான நூலைக் காட்டி நான்கு ஆண்டுகள் மேடையில் கைதட்டு வாங்கியவர் இன்னொருவர். அந்த இரண்டாமவர் வேறு யாருமல்லர், நானேதான்.

இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான். கனவில் ஒரு குரல் கேட்டது என்று எழுத எனக்கும் ஆசை உண்டு. ஆனால் கேட்டது, 'இத எழுதிருங்கண்ணே' என்ற மிக்கேல்ராஜின் குரல்.

(முதல் வரியை மூன்று முறை எழுதினேன். "பழனி மலையின் நிழல் படியும் திண்டுக்கல் மண்ணில் ஒரு ஞானச்சுடர்..." அந்த நிழல் இங்கு வந்து விழ வேண்டுமானால் அறுபது கிலோமீட்டர் நீள வேண்டும். அடித்துவிட்டேன். "சாதியின் கோரப் பற்களுக்கிடையே சிக்குண்ட..." என்று அடுத்தது. மிக்கேல்ராஜ் எட்டிப் பார்த்தார். "அண்ணே, இதே வரிய போன மாநாட்டு நோட்டீசுக்கும் அச்செழுத்து கோத்தேன். இன்னும் பிரிக்கல. அப்படியே எடுத்து வச்சிரவா?" அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவதைத்தான் நீங்கள் படித்தீர்கள்.)

2

சாணார்பட்டிப் பக்கத்துக் கருப்பணன், பேகம்பூரில் கிதர் முகம்மது என்பவரின் தோல் கிடங்கில்* முப்பது ஆண்டுகள் உழைத்தவர். ஈரத் தோலை விரிப்பது, உப்பை இறைப்பது, மடித்துத் தோளில் ஏற்றி அடுக்குவது: இதுவே வேலை. தோல் தொட்ட கை என்று ஊரில் அவருக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அவர் முருகனைப் பாடினார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. 1992இல் பாடத் தொடங்கி, 1997இல் இறக்கும்வரை முப்பத்தாறு பாடல்கள்.

1999இல் முருக பக்தர் குழு ஒன்று அவற்றை அச்சிட்டது. முன்னுரையில் ஒரு வரி: "அருட்கவி தம் திருக்கரத்தால் எழுதிய ஏட்டிலிருந்து." எழுதத் தெரியாதவர் எழுதிய ஏடு! மூடநம்பிக்கைகளை வேட்டையாடுவதே தொழிலான என் கண்ணில் இந்த அற்புதம் மட்டும் படவில்லை. என் கண் முழுவதும் கடைசிப் பாட்டின்மேல் இருந்தது.

மலைமேல் உனக்குப் பஞ்சாமிர்தம்,
மடியில் எனக்கு உப்புக்கல்;
இறங்கி வந்து ஒருநாள் இந்த
ஈரத் தோலைத் தூக்கிப்பார்!

நூலின் முதல் பாட்டோ வேறு குணம்.

தூக்கியது நீஎனத் தெரிந்த பின்னே
தோளில் எங்கே பாரமடா?
உப்பும் நீயே, தோலும் நீயே,
உதறும் கையும் நீயேடா.

போதாதா எனக்கு? மேடைதோறும் முழங்கினேன்: "பக்தியில் தொடங்கினான், பகுத்தறிவில் முடிந்தான்! தொடக்கத்தில் கடவுளைத் தோளில் கண்டவன், இறுதியில் அவனையே கீழே இறங்கிவா என்று அறைகூவி அழைத்தான்!" ஒட்டன்சத்திரத்தில் ஒருமுறை கைதட்டு அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால், ஒன்றரை நிமிடம்.

* குழுவின் நூலில் இக்கிடங்கு "ஒரு வணிக நிலையம்" என்றே குறிக்கப்படுகிறது. தோல் என்ற சொல் பாடல்களுக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டது, எதுகைக்குத் தேவைப்பட்டிருக்கலாம்.

3

இப்போது கமர்ஜஹானை உள்ளே அழைக்கிறேன். கிதர் முகம்மதுவின் மகள். 1997இல் ஆம்பூருக்கு வாக்கப்பட்டுப் போனவர், 2003 கார்த்திகையில் குடும்பத்தோடு பேகம்பூருக்கே திரும்பியிருந்தார். வந்த வாரத்தில் என் கூட்டம். மறுநாள் காலை அச்சகத்துக்கு வந்தார். நூலின் இரண்டாம் பதிப்புக்காக அந்த நோட்டு அங்கேதான் இருந்தது. நானும் ஒரு துண்டறிக்கை திருத்திக்கொண்டிருந்தேன்.

(முதல் படியில் இவர் கண்ணீரோடு வருவதாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "நான் எப்ப அழுதேன்? சிரிச்சுக்கிட்டுல வந்தேன்" என்றார். கண்ணீர் நீக்கப்பட்டது.)

"அண்ணே, நேத்து நீங்கதானே பேசுனீக?"

"ஆமாம்மா."

"அம்புட்டும் நல்லாப் பேசுனீக. ஆனா தலகீழாப் பேசுனீக."

மேடையில் எத்தனையோ குறுக்குக் கேள்விகளைச் சந்தித்தவன் நான். கல்லைக்கூடச் சந்தித்திருக்கிறேன். இதற்குத்தான் திருத்தும் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் நோட்டை எடுத்தார். காக்கி அட்டை போட்ட நோட்டு. முன் எது, பின் எது என்று வெளியே தெரியாது. அதைத் திருப்பி வைத்து, நாம் கடைசி என்று நினைக்கும் பக்கத்தைத் திறந்தார்.

"இது ஓதுற பிள்ளைகளுக்கு நான் அலிஃப், பே எழுதிக் குடுத்த நோட்டு. அரபிய வலப்பக்கமிருந்துல்ல எழுதுவோம், எங்க கைப்பழக்கம் இந்தப் பக்கமிருந்துதான் தொடங்கும். முதல் நாலு தாளு அரபிப் பாடம். அதுக்குப் பெறகு கருப்பணய்யா பாட்டு, தாளுக்கு ஒண்ணு. அவுக உப்பு எறைச்சுக்கிட்டே பாடுவாக. நான் சன்னல் ஓரமா உக்காந்து எழுதுவேன்."

"நீங்களா எழுதினீர்கள்?"

"பெறகு? அவுக வெரலு உப்புல வெடிச்சுப்போயில்ல கெடக்கும்!"

வரிகள் இடமிருந்து வலமாகத் தமிழாகவே ஓடின. தாள்கள் மட்டும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கின. தைத்த ஓரத்தில் கிழிந்த நான்கு தாள்களின் அடிக்கட்டை, பல் விழுந்த ஈறுபோல நின்றது. அதை ஒட்டிய தாளில் பஞ்சாமிர்தப் பாட்டு. ஆக, அதுவே முதல் பாட்டு.

மிக்கேல்ராஜ் மெல்லக் கேட்டார்: "அப்ப அண்ணன் நாலு வருசமா படத்தப் பின்னாடியிருந்து ஓட்டிக்கிட்டு இருந்தாரா?"

4

ஒரு கயவன் இல்லாமல் சீர்திருத்தக் கதை நிற்காது. குழுத் தலைவர் குழந்தைவேலுவை அந்த இடத்துக்குத் தேர்ந்திருந்தேன். புருவம் நெரித்து, மீசை முறுக்கி... அவரோ, நாங்கள் மூவரும் செய்தி அனுப்பியதும், தொப்பம்பட்டியிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயோடு அச்சகத்தில் வந்து இறங்கினார். எனக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று, கமர்ஜஹான் வீட்டுக்கு ஒன்று என்று பிரித்தும் வைத்தார். முருங்கைக்காய் கொடுப்பவரை எப்படிக் கயவனாக்குவது?

"ஏனுங்க, நாந்தானுங்க கிழிச்சேன்" என்றார், நாங்கள் கேட்கும் முன்பே. "அவரு போன பின்னால நோட்டு எங்க குழுவுக்கு வந்துச்சுங்க. முருகன் பாட்டு நோட்டுல அரபி எழுத்து இருந்தா நாலு பேரு நாலு பேச்சுப் பேசுவாங்கன்னு பயந்துபோட்டனுங்க. அதுதான் ஆரம்பம்னு எனக்கென்னங்க தெரியும்? இந்தப் பக்கம் தொறந்தேன், எண் போட்டேன், அச்சுக்குக் குடுத்தேன்."

வாசகரே, இங்கே கூர்ந்து பாருங்கள். சரியான வரிசை வந்தால் அவருக்குப் பக்திக் கவி முழுதாகக் கிடைப்பார். ஆனால் வரிசை எப்படித் தெரிந்தது என்று சொல்ல, கிழித்ததைச் சொல்லியாக வேண்டும். எனக்கோ, சரியான வரிசை வந்தால் என் மிகச் சிறந்த சொற்பொழிவு செத்துப்போகும். அவருக்கும் எனக்கும் பொய்தான் வசதி.

"அப்படியே உட்டுப்போடலாமுங்களா?" என்றார் குழந்தைவேலு. "உங்களுக்குப் பேச்சு நிக்கும், எங்களுக்கு மானம் நிக்கும்."

ஒரு குவளைத் தேநீர் குடித்து முடிக்கும் நேரம் நான் மறுப்புச் சொல்லவில்லை. அந்த நேரத்தை இந்தக் கதையிலிருந்து நீக்க இரண்டு முறை முயன்றேன். நீக்காமல் விட்டிருக்கிறேன்; அதற்கும் சாட்சியாயிருங்கள்.

கமர்ஜஹான் சிரித்துவிட்டார். "சாமி உண்டுன்னு ஒருத்தரு, இல்லன்னு ஒருத்தரு. ரெண்டு பேரும் இன்னைக்குத்தானே முதத்தடவ ஒத்துப்போறீக? அதுக்கு ஒரு பொய் வேண்டிக்கெடந்துச்சாக்கும்!"

பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். "கடைசிப் பாட்டன்னைக்கு அவுகளால ஒரு தோலு தூக்க முடியல. உப்பு மூட்ட மேல உக்காந்து பாடுனாக. 'ஏத்தா, எழுதிட்டியா? அஞ்சு வருசமா அவன்கூடச் சண்ட போட்டேன். சண்ட தீந்துபோச்சு'ன்னாக. மொகம் அம்புட்டு வெளிச்சமா இருந்துச்சு. உங்க புத்தகத்துல அவுக ஏசிக்கிட்டே செத்த மாதிரி இருக்கு. அது பொய்யி. அத மாத்துங்க."

"உங்கள் பெயரும் வர வேண்டும்" என்றேன்.

"வரட்டுமே! நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? கை வலிச்சது எனக்குல்ல."

5

முடிவுக்கு வந்துவிட்டோம். முடிவு மட்டும் வரவில்லை.

முதல் முடிவு: குழந்தைவேலு விழா மேடையில் கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்கிறார். அவரிடம் படித்துக் காட்டினேன். "அழுகறதெல்லாம் வேண்டாமுங்க, ஊட்ல பேத்தி கேலி பண்ணுவா" என்றார். தள்ளுபடி.

இரண்டாம் முடிவு: ஞானம் பெற்ற சொற்பொழிவாளன் பழனிக்கு நடந்து போகிறான். பொய். எனக்கு முழங்கால் வலி, நம்பிக்கையும் வரவில்லை. கடவுள் இல்லை என்பது என் கொள்கை, நாளையும் அதையே பேசுவேன். ஆனால் கருப்பணன் முருகனைக் கண்டதாகச் சொன்னான். அவன் சொன்னதைத் திருப்பிப்போட்டு என் கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்த எனக்கு என்ன உரிமை? தனிக் குவளை கொடுத்தவர்கள் அவன் கையை மறுத்தார்கள். நான் அவன் கண்டடைந்ததை மறுத்தேன்.

மூன்றாம் முடிவு: யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் பதிப்பு பழைய வரிசையிலேயே வந்தது. அடுத்த மாதம் அதே மேடையில் நான் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு

இதை எழுதி முடிக்க மாட்டேன்.

நடந்தது இது. குழந்தைவேலு நோட்டைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "குழுவுல ஏழு பேருங்க. நான் ஒத்தக் கை. இந்த அம்மா பேரு போடோணும்னா மத்தவங்க குதிப்பாங்க. படிக்கறவங்க கேக்கறாங்கன்னு ஒரு நூறு கார்டக் கொண்டாங்க, மேசைல கொட்டிப்போடறேன். கிழிச்சது நாந்தான்னு முன்னுரைல என் கையாலயே எழுதறனுங்க."

6

ஆகவே இந்தக் கதை பேனாவோடு உங்கள் வாசலில் நிற்கிறது. நான் எழுதக்கூடிய முடிவு எதுவும் செல்லாது. நூறு பேர் எழுதும் முடிவு மட்டுமே செல்லும். மார்கழிக் கடைசி வெள்ளியன்று குழு கூடுகிறது. தைப்பூசத்துக்கு நூல் வருகிறது. இடையில் இருப்பவர் நீங்கள்.

முருகனை வணங்குபவரா? உங்கள் கவி அமைதி அடைந்துதான் போனான் என்பதற்காக எழுதுங்கள். வணங்காதவரா? ஒரு தொழிலாளியின் சொல்லை எவனும், உங்கள் தரப்புப் பேச்சாளனே ஆனாலும், தன் வசதிக்குத் திருப்பக் கூடாது என்பதற்காக எழுதுங்கள். படித்தேன், ரசித்தேன், மூடினேன் என்று போனால், ஐந்தாம் தாளையும் கிழித்தவர் ஆவீர்கள்.

ஓர் அஞ்சலட்டை போதும். குழுவின் முகவரி இச்சிறுநூலின் பின்னட்டையில் உள்ளது. இரண்டு வரி எழுதுங்கள்:

"பஞ்சாமிர்தப் பாட்டு முதலில் வரட்டும்.
பாடியவர் கருப்பணன், எழுதியவர் கமர்ஜஹான் என்று அச்சிடுங்கள்."

கீழே உங்கள் பெயரை முழுதாக, ஊரோடு போடுங்கள். இன்றைய தபாலிலேயே சேருங்கள்.