புரண்டுபோன வானம்

என் அக்கா வானாய்வகத்தில் வேலை செய்கிறாள். நான் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கிக்கு அவளுக்கு மாற்றல் வந்ததும், குளிருக்கு ஒரு சால்வை பின்னித் தருவதாக வாயை விட்டேன். வெறும் சால்வை என்றால் என் கௌரவம் என்னாவது? வட்டச் சால்வை, நடுவில் துருவ நட்சத்திரம், சுற்றிலும் வடக்கு வானம், நட்சத்திரத்துக்கு ஒரு கண்ணாடி மணி.

வட்டம் பின்னுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. நடுவிலிருந்து தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் கண்ணிகளையும் இரட்டிப்பாக்கினால் துணி சுருங்காமல் விரியும். வீட்டுக்கு வந்தவர் போனவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்து இதை விளக்கினேன். "நீ முதல்ல பின்னும்மா," என்றார் என் கணவர்.

வட்டம் என்னவோ சரியாகத்தான் வந்தது. நூல் அவ்வப்போது அறுந்தது. முடிச்சுப் போட்டுப் பின்பக்கம் தள்ளினேன். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அக்காவின் அலுவலகத்தில் பிரிவுபசாரம். அங்கே கொடுத்தால்தானே நாலு பேர் பார்ப்பார்கள் என்று எடுத்துப் போனேன். மேசைமேல் விரித்ததும் எல்லோரும் கூடினார்கள். பாராட்டை ஏற்கத் தோதாக முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. விஞ்ஞானிகள் அதிகம் பேச மாட்டார்கள் போலும்.

அக்கா சால்வையும் கையுமாக என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏண்டி, சப்தரிஷி மண்டலத்தோட வால் ஏன் அந்தப் பக்கம் வளையுது?"

"படத்தப் பாத்துதான் பின்னுனேன்."

"எப்படிப் பாத்த?"

"இடமிருந்து வலம். எல்லாரும் படிக்கிற மாதிரி."

"பின்னல் எப்படிப் போகும்?"

வலமிருந்து இடம். மொத்த வானத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் போட்டிருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சூத்திரம் சொல்கிறவளுக்குச் சோற்றுக்கை எது என்று தெரியவில்லை.

"குடுக்கா, பிரிச்சுட்டுத் திரும்பப் பின்றேன்."

"அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

சால்வையைப் புரட்டி, உள்பக்கம் வெளியே தெரியும்படி போர்த்திக்கொண்டாள். மணிகள் இருபுறமும் தெரிபவை, வானம் சரியாகிவிட்டது. ஆனால் என் முடிச்சுகள் அத்தனையும், நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனிகளோடு, அவள் முதுகில் ஊரறியக் காட்சி தந்தன.

"பாக்க அசிங்கமா இருக்குக்கா."

"இருக்கட்டும். தப்பான வானத்தப் போத்திட்டுப் போனா அங்க ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டான்."

வானாய்வக இயக்குநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் முதுகை நெருங்கி ஆராய்ந்தார். "இங்க ஒரு நட்சத்திரக் கொத்து இருக்கே, இது என்னது? நம்ம படத்துல இல்லையே."

"அது என் தங்கச்சி கண்டுபிடிச்சது சார்," என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

அவர் என்னை மரியாதையோடு பார்த்து, எந்தத் தொலைநோக்கியில் என்று விசாரித்தார். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினேன்.

போன வாரம் அக்கா மலையிலிருந்து பேசினாள். சால்வை குளிருக்கு நன்றாகத் தாங்குகிறதாம். தெற்கு வானத்தையும் பின்னி அனுப்பட்டுமா என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டாள்.