சொந்தச் சாட்சி

“போலீஸ்காரன் ஹலோன்னு சொன்னாக்கூட நீ சாரின்னுதான் சொல்லுவ,” என்றார் சத்தியசீலன், ஜெர்சி சிட்டி நகர நீதிமன்றத்தின் சோதனை வாசலைத் தாண்டி பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டே.

ஞானம் கைப்பையை எடுத்துக்கொண்டு கணவருக்குப் பின்னால் நடந்தாள். மூன்று வாரத்துக்கு முன், டேகேர் வேனைக் காலியாக ஓட்டி வந்து சிக்னலில் திருப்பும்போது, சைக்கிளில் வந்த ஓர் இளைஞன் வேன் இடித்து விழுந்தான். இறங்கி ஓடி அவன் தோளைத் தொட்டு, “சாரி, மை ஃபால்ட்” என்றாள். தெரியாமல் யார்மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி தானாக வந்தது. போலீஸ் வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவர்களுடைய சட்டைக் கேமராவில் இருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டியதாக வழக்கு. குற்றம் என்று ஆகிவிட்டால் வேன் ஓட்டும் வேலை போய்விடும்.

வழக்கறிஞர் லேயா பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஞானத்தின் வயதுதான் இருக்கும்.

“நான் அன்னைக்குச் சொன்னது நிஜமா இருந்தா?” ஞானம் தன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

லேயா கையை உயர்த்தி நிறுத்தினாள். இந்த ஊர்ச் சட்டத்தில் அன்று போலீஸிடம் சொன்னது சொன்னதுதான், இனிமேல் சொல்லாமல் இருக்கலாம் என்றாள். பிறகு குரலைத் தணித்து, தன் யூத முன்னோர்களின் பழைய சட்டத்தில் குற்றவாளியே வந்து ஒப்புக்கொண்டாலும் தண்டிக்க மாட்டார்கள், கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றாள். உறவினர் சாட்சி அங்கே செல்லாது. ஒருவருக்குத் தன்னைவிட நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டாள்.

“பாத்தியா, அந்தக் காலத்து ஆளுங்களே சொல்லிட்டாங்க,” என்றார் சத்தியசீலன் தமிழில். “நீதான் ஞாயித்துக்கிழமையானா முதல் ஆளா பாவ அறிக்கை சொல்றவ.”

“அது கர்த்தர்கிட்டங்க. இது முனிசிபல் கோர்ட்டு.”

சொல்லிவிட்டாளே தவிர, மனம் அடங்கவில்லை. சொந்தம் என்றால் தன்னுடையது, சொந்தம் என்றால் உறவு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துப் பேசியே வளர்ந்தவளுக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லை. அன்றைய விளக்கை நினைத்தாள். முதல் வாரம் நினைவில் அது மஞ்சளாக இருந்தது. நேற்று முழுக்கச் சிவப்பு. தனக்குத் தானே ஆன இந்தச் சொந்தக்காரியை நம்பலாமா?

உள்ளே அழைத்தார்கள். பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். குற்றத்தை மறுப்பதாக லேயா எழுந்து சொல்ல, நீதிபதி வேறொரு தேதி கொடுத்தார். எல்லாம் நான்கு நிமிடம்.

வெளியே வரும் வழியில், வலது கையைக் கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டில் மாட்டியிருந்த அந்த இளைஞன் இடது கையால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட முயன்றுகொண்டிருந்தான். பேனா நழுவி உருண்டு அவள் செருப்பருகே வந்து நின்றது. அவனோடு பேசவே கூடாது என்று லேயா சொல்லியிருந்தாள்.

ஞானம் குனிந்து எடுத்து நீட்டினாள். அவன் உடனே வாங்கவில்லை. அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று முகத்தையே பார்த்து நின்றான்.