வற்றிய வாளியும் ஈர நாடாவும்

தையல்காரி ஊரில் இல்லாத நாட்களில் அவள் குடித்த தண்ணீரெல்லாம் அவள் வீட்டுப் பால்கனியிலிருந்த தொட்டிச் செடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கைக்கு ஆபரேஷன் என்று கிளம்பும்போது, செடிகளுக்கு நடுவே ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, துணி நாடாக்களின் ஒரு முனையை வாளியில் போட்டு மறுமுனையைத் தொட்டி மண்ணில் புதைத்தாள். எல்லோரும் செய்கிற வேலைதான். பழந்துணியைக் கிழித்திருந்தால் வம்பில்லை. வெட்டியதில் மிஞ்சியதைத் தூக்கிப் போட மனசு வராத தையல்காரப் புத்தியில், தான் போட்டுக்கொண்டு போகத் தைத்த புதுச் சட்டையின் மிச்சத்திலேயே நாடா வெட்டினாள். வாளி வற்றாமல் பார்த்துக்கொள்ளும்படி கணவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கணவன் லிப்ட் மெக்கானிக். கெட்டவன் இல்லை, மறதிக்காரன். வாளி சீக்கிரமே பல்லை இளித்துவிட்டது. நாளைக்கு ஊற்றலாம் என்று விட்டான். செடிகளோ வாடவில்லை. ரோஜா கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்தது, செம்பருத்தி அக்கம்பக்கத்தார் கண் வைக்கிற அளவுக்குப் பூத்தது. "தண்ணி ஊத்துறீங்களா?" என்று அவள் போனில் கேட்டபோதெல்லாம், "வேளை தவறாம ஊத்துறேன்" என்று கூசாமல் புளுகினான். அவள் குரல் வறண்டிருந்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே அவள் குடம் குடமாகக் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. டாக்டர் சர்க்கரை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். சட்டையை மாற்றியும் தாகம் விடவில்லை. வீட்டில் நாடாவாகக் கிடந்த துணியும் அவள் உடம்பைப் பழகிக்கொண்டுவிட்டது. தையல் பிரிக்காத தங்கைதான் எழுந்து நடந்து அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அவள் திரும்பி வந்த அன்று கதவைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்க நின்றாள். நேரே பால்கனிக்குப் போனாள். வாளிக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. நாடாக்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"எப்பங்க ஊத்துனீங்க?"

"ஊத்தவே இல்ல" என்றான்.

அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பதறி ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரைப் புகட்டினான். அவள் குடிக்கக் குடிக்க எதிரே ஒரு ரோஜா மொட்டு விரிந்தது. அவள் உதட்டில் ஈரமே இல்லை. பெண்டாட்டியைக் குடித்துத்தான் அந்தச் செடிகள் பூத்திருக்கின்றன என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே மிச்சத் தண்ணீரை ரோஜாத் தொட்டியில் கவிழ்த்தான். அவள் தொண்டை மடக்கென்று விழுங்கியது. எந்தப் பக்கம் ஈரமோ அங்கிருந்து இழுப்பதுதான் நாடாவின் வேலை. அழுதுகொண்டே வாளி வாளியாக ஊற்றினான். கூடம் வரை தண்ணீர் ஓடிய பிறகு அவள், "போதுங்க, வயிறு நெறைஞ்சிருச்சு" என்றாள்.

நாடாக்களை உருவப் போனவனை அவளே தடுத்தாள். "இருக்கட்டும். இனிமே மறக்க மாட்டீங்கல்ல."

அவன் மறக்கவில்லை. லிப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே இருப்பவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுவான். அவள் வெளியூர் போகும்போது பாட்டில் எடுத்துப் போவதில்லை. வெயிலில் பஸ்ஸில் யாராவது தண்ணீர் நீட்டினால், "வேண்டாங்க, எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் ஊத்துனார்" என்பாள்.