ஆணியில் மாட்டிய டிஸ்க்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. காலை எட்டரை மணி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஆதார் அட்டையை நீட்டி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வேண்டும், அதுவும் இந்த நிமிஷமே வேண்டும் என்பார்கள். பதினாறு வருஷமாக அவர்களிடம் எரிந்து விழுந்து பழகி, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பிரிண்டரிடம் எரிந்து விழுகிறேன். ஆனால் அன்று கன்னியம்மா அக்காவிடம் நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

கன்னியம்மா அக்காவுக்கு ஏரிக்கரை ஓரம் வீடு. என் கடைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் படிக்கட்டு பெருக்கித் துடைக்கிற வேலை. கேஸ் புக் பண்ண, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்று எதற்கும் என்னிடம்தான் வருவாள். அவள் வீட்டுக்காரர் துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஒரு நாள் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மதிவதனி. அவளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

அன்று அக்கா முந்தானையில் சுற்றி எடுத்து வந்தது ஒரு டிவிடி. மதிவதனி வயசுக்கு வந்தபோது நடந்த மஞ்சள் நீராட்டு விழாவின் வீடியோ. அதில் அவள் அப்பா மூன்று இடத்தில் வருகிறாராம். வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுப்பார், பந்தியில் தண்ணீர் ஊற்றுவார், கடைசியில் மகள் தலையில் அட்சதை போடுவார். இப்போது எல்லா மண்டபத்திலும் எல்இடி திரை வைக்கிறார்களே, இவர்கள் பிடித்திருந்த மேனாம்பேட்டு மண்டபத்திலும் உண்டு. அதில் அந்த மூன்று இடத்தையும் ஓட்டவேண்டும், அப்பா கல்யாணத்துக்கு வந்து போன மாதிரி இருக்கட்டும் என்று மதிவதனி ஆசைப்பட்டாள். செல்போனில் போட்டுக் கொடுத்தால் போதும் என்றாள் அக்கா.

டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நடுவில் இருந்த ஓட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பதினாறாம் நாள் காரியத்தன்று துலுக்கானத்தின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து இதையும் மாட்டிவிட்டாளாம். படத்தில் இருக்கிறது முகம் மட்டும்தான், டிஸ்க்கில் ஆளே இருக்கிறார், அதை எப்படிப் பெட்டியில் போட்டு மூடுவது என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைத்து, பூச்சரத்தை அதே ஓட்டையில் கோத்து இறுக்கிக் கட்டி, மறுபடி மாட்டுவாள். வருஷத் திதிக்கு அதன் எதிரிலும் ஒரு இலை போட்டு, கருவாட்டுக் குழம்பும் வடையும் படைப்பாள்.

ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஏரி உடைத்துக்கொண்டு வந்த அந்த டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டில் டிவி, டிவிடி பிளேயர், பீரோவில் இருந்த ஆல்பம் எல்லாம் போயின. இடுப்பளவு தண்ணீருக்கு மேலே ஆணியில் இருந்ததால் படமும் இந்த டிஸ்க்கும் தப்பின. வீடியோ எடுத்தவர் எப்போதோ கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். உலகத்தில் துலுக்கானம் நடந்து போகிற காட்சி அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

டிவிடி போடுகிற கம்ப்யூட்டர் இந்தப் பக்கத்தில் இன்னும் வைத்திருப்பது நான் ஒருத்திதான். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். ஓட்டையின் விளிம்பிலிருந்து முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காய்ந்த சந்தனத்தின் தடம் என்று நினைத்து நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஃபேன் காற்றில் பதினோரு வருஷம் ஆணியில் மோதி மோதி விழுந்த விரிசல் அது என்று அப்போது தோன்றவில்லை.

அக்கா கவுண்டர் ஓரம் நின்றாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு வாட்டி பாத்துட்டுப் போவட்டாமா? அவரு பூட்ட பொறவு நான் பாக்கவே இல்ல. மொதல்ல மன்சு வரல. அப்பாலிக்கா பாக்க பொட்டி இல்ல."

வரிசையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். வேலப்பன்சாவடிப் பக்கம் படிக்கிற ஒரு கல்லூரிப் பெண்ணின் ப்ராஜெக்ட் பைண்டிங் வேறு பாதியில் கிடந்தது. முதலில் காப்பி ஆகட்டும், நாலு மணிக்கு வாங்க, உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டு மதிய வேலைக்குப் போனாள். ஒரே ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லியிருந்தால் என் குடி முழுகியிருக்காது.

கூட்டம் கலைந்ததும் டிஸ்க்கைப் போட்டேன். திரையில் ரோஜாப்பூக்கள் சுற்றி வந்தன, மதிவதனியின் பெயர் பொன்னெழுத்தில் வந்தது, நாதஸ்வரம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அந்தக் கல்லூரிப் பெண் போன் பண்ணினாள். பைண்டிங்கில் மூன்றாம் அத்தியாயம் தலைகீழாக இருக்கிறதாம். நீ கொடுத்த வரிசையில்தான் போட்டேன் என்று நான் கத்த, அவள் கத்த, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காப்பி போடுகிற பட்டனைத் தட்டிவிட்டு ப்ராஜெக்ட் புத்தகத்தைத் தேடத் திரும்பினேன். திரும்புகிறபோது ஒரு வெள்ளைச் சட்டை திரையைக் கடந்து போனது. அவ்வளவுதான் நான் பார்த்தது. அது துலுக்கானமாகவும் இருக்கலாம், சமையல்காரராகவும் இருக்கலாம்.

காப்பி ஆகும்போது டிஸ்க் வேகமாகச் சுற்றும். மிக்ஸியை மூன்றில் வைத்த மாதிரி சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு பட்டாசு வெடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். எதிர்ப் பூக்கடைக்காரர் எழுந்து பார்த்தார். டிரைவின் தட்டு பாதி பிதுங்கி நின்றது. அதன் இடுக்கிலிருந்து பளபளவென்று ஒரு துண்டு என் செருப்புப் பக்கத்தில் வந்து விழுந்தது. போனில் அந்தப் பெண் இன்னும் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கடையைப் பாதி சாத்திவிட்டு டிரைவைக் கழற்றினேன். பெரிய துண்டு எதுவும் இல்லை. எல்லாம் சில்லு சில்லாக, சில இடங்களில் பொடியாக. மேல் பூச்சு உரிந்து வெள்ளிக் காகிதம் போல் ஒட்டிக்கொண்டிருந்தது. புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அழிந்த ஃபைல்களை மீட்டுக் கொடுக்கிற ஒருவரின் நம்பர் இருந்தது. அவர் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, இதை எந்த மெஷினும் படிக்காது மேடம், விட்டுவிடுங்கள் என்றார். ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆனதைத் திறந்து பார்த்தேன். ரோஜாப்பூவும் பெயரும் வந்து அதோடு நின்றது.

நான் அழுதேன். யாருக்காக என்று தெரியவில்லை. நாலு மணிக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்கிற பயத்தில்தான் பாதி அழுகை.

சொன்ன நேரத்துக்கு அக்கா வந்தாள். முகம் கழுவி, புதுசாகப் பொட்டு வைத்து, பூ வாங்கிச் சொருகியிருந்தாள். அதைப் பார்த்ததும் யோசித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துபோய், டிஸ்க் உடைந்துவிட்டது அக்கா என்று பட்டென்று சொல்லிவிட்டேன். விரிசலைப் பார்த்ததையும் சொன்னேன். மெதுவாகச் சுற்ற வைத்திருக்கலாம், என் அவசரம்தான் என்று சொன்னேன். துண்டுகளை ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அவள் டப்பாவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"உனுக்கு எங்கியும் குத்தலியே?" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒடைறதுக்கு மின்ன ஓடிச்சா? நீ பாத்தியா அவர?"

பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது உன் புருஷன் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது?

"பாத்தேன்க்கா. வெள்ளைச் சட்டையில இருந்தாரு. நல்லா சிரிச்சிட்டு இருந்தாரு."

"சிரிச்சாரா?" அவள் என்னையே பார்த்தாள். "வாயத் தொறந்தா?"

"ஆமாக்கா."

அவள் டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். படி இறங்கும்போது, ரொம்ப நேரம் சிரிச்சாரா என்று திரும்பாமலே கேட்டாள். ரொம்ப நேரம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மதிவதனி பத்திரிகை வைக்க வந்தாள். அம்பத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனி குடோனில் பில் போடுகிற பெண். டிஸ்க்கைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அப்பா சிரிச்சத நீங்க நெசமாவே பாத்தீங்களா? அம்மா கொழாயாண்ட, வேல செய்யற எடத்துல, எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீது."

ஏன் கேட்கிறாய் என்றேன். பிரஸ் ஷாப்பில் ஒரு தகடு தெறித்து அப்பாவின் முன்பல் இரண்டும் போய்விட்டதாம், அவள் பிறப்பதற்கு முன்பே. அதிலிருந்து யார் எதிரிலும் வாயைத் திறந்து சிரிக்க மாட்டாராம். சிரிப்பு வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொள்வாராம். கேமராவைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வார் என்றாள்.

"அந்த டிஸ்க்க அப்பா இருக்கசொல்லோ நூறு வாட்டி பாத்துகீறோம். அதுல அவரு சிரிக்கவே மாட்டாரு. அம்மாவுக்கும் தெரியும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பார்க்கவில்லை, ஒரு வெள்ளைச் சட்டையை மட்டும்தான் பார்த்தேன் என்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். அக்காவிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். மதிவதனி பத்திரிகை உறையின் மூலையில் இருந்த மஞ்சளைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"வேணாம் ஆன்ட்டி. இப்ப அது ஒன்னுதான் அம்மாகிட்ட கீது" என்றாள்.

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. மண்டபத்தில் எல்இடி திரையில் மாலை போட்ட படம்தான் வந்தது. அசையாத முகம், இறுக மூடிய உதடு. மதிவதனி மணவறையில் இருந்தபடி ஒரு தடவை அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடத்தில் அவர் நடந்து வந்திருக்க வேண்டும்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கன்னியம்மா அக்கா என்னைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்த தன் புருஷனின் அண்ணன் எதிரில் நிறுத்தினாள். இவர்கள்தான் துலுக்கானத்தைக் கடைசியாகப் பார்த்தவர்கள் என்றாள். அந்தப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் எப்பம்மா சிரிச்சான்? சாவறவரிக்கும் அவன் பல்ல நானே பாத்தது இல்ல."

"இவங்க பாத்தாங்க மாமா. சொல்லுமா" என்றாள் அக்கா. அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நான் அன்று சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மணவறையில் இருந்து மதிவதனி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாருங்க" என்றேன். "முன்னாடி ரெண்டு பல்லு இல்ல. துண்ட எடுத்து மூடக்கூட இல்ல. அப்படியே சிரிச்சாரு."

பல் போன விஷயத்தை அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கன்னியம்மா அக்கா என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். டிஸ்க் உடைந்த அன்றுகூட அழாதவள், அத்தனை பேருக்கு நடுவில் என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள்.