கறுப்பு வெள்ளையில் ஒரு சிவப்புப் பொட்டு

1

இந்தக் கதை ஒரு 'ச்ச, பாவம்'-இல் தொடங்கியது. சொன்னது நான்தான்.

மத்தூர் பஸ் நிலையத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. கறுப்பு வெள்ளையில் ஓர் இளம்பெண்ணின் முகம். நேராகப் பார்க்கும் கண்கள், மூடிய உதடுகள். நெற்றிப் பொட்டு மட்டும் சிவப்பு. கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளையாக அவள் பெயர். அதற்கும் கீழே ஏதோ பொடி எழுத்து, என் கண்ணாடி பைக்குள் இருந்தது. 'ச்ச, பாவம், சின்னப் பொண்ணு' என்று சொல்லிவிட்டு ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரி மாணவி. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்டேன். காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அய்ய, அவங்க செத்துப்போகலீங்க. அது மியூசிக் புக்கோட விளம்பரம். அந்தக்கா செம்மயா பாடுவாங்க."

கிருஷ்ணகிரி வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருத்திக்காக நான் பட்ட வருத்தம் என் கையிலேயே மிச்சமாக இருந்தது. அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. சூளகிரிப் பக்கம் பாறைக்குன்றுகள் ஜன்னலில் நகர்ந்தபோது கண் செருகியது. முன் இருக்கையில் அந்தப் பெண் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு ஏதோ ராகம் முனகுவதுபோல இருந்தது. விழித்துப் பார்த்தால் என்ஜின் சத்தம்.

அவளைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கற்பனை. சுவரில் இருந்த பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் அவளுக்குச் சுவேதா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ஓசூரில் அன்று காலை பனி மூட்ட—

வேண்டாம். ஓசூர் என்றால் உடனே பனியை இறக்கிவிடுகிறோம். ஊர்க்காரர்களுக்கே அலுத்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: இசைக்கு எல்லைகள் கிடை—

ஐயோ.

மூன்றாம் தொடக்கம்: ஜெயப்ரியா, சுவேதாவின் தலைமுடியை ஒவ்வோர் இழையாகப் பின்னணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

(இது இருக்கட்டும்.)

பிரித்தது கம்ப்யூட்டரில். ஜெயப்ரியா பாகலூர் சாலையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையின் டிசைனர். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் எல்லா நல்லது கெட்டதும் அவள் திரை வழியாகத்தான் கம்பத்துக்குப் போகும். இரண்டு நாள் வெயிலில் நிற்கும். பிறகு யாராவது கழற்றிக்கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போடுவார்கள். தான் செய்த ஒன்றையாவது யாராவது அலமாரியில் எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.*

* இந்த ஆசை என்னுடையது. அவளுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆசைக்குத் தீனி போட்டவன் முனிராஜ். பகலில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் டிரம்ஸ். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பாட்டில் கலந்து பாடுகிற கூட்டம் ஒன்று ஓசூரில் இருக்கிறது. அவர்களுக்காக அவன் ஒரு பத்திரிகை தொடங்கினான். பெயர் 'பார்டர் பீட்'. ஐ.டி.ஐ. பையன்களும் கம்பெனி ஹாஸ்டல் பெண்களும் வாங்க வேண்டும் என்பது அவன் கணக்கு. முதல் இதழின் அட்டையில் அந்தக் கூட்டத்தில் பாடும் சுவேதா.

"அக்கா, பாத்தா ஃப்ளெக்ஸ் மாதிரியே இருக்கக்கூடாது. தங்க எழுத்து வேணாம், மாலை வேணாம், சிங்கம் வேணவே வேணாம்" என்றான் முனிராஜ்.

"சிங்கம் இல்லாம எனக்கு டிசைனே வராதுடா" என்றாள் ஜெயப்ரியா. ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது.

3

பின்னணி போன பிறகு சுவேதாவின் முகம் திரையில் தனியாக மிதந்தது. மதிய நேரம். கடைக்குள் மை வாசனை. வெளியே பெங்களூர் போகும் லாரிகளின் இரைச்சல் கண்ணாடிக் கதவில் மோதி மெல்லியதாகி உள்ளே வந்தது. ஜெயப்ரியா வண்ணத்தைக் குறைத்தாள். கன்னத்தின் மஞ்சள் போனது, ரிப்பனின் நீலம் போனது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஓர் அமைதி வந்தது. ஜெயப்ரியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, தூரத்திலிருந்து பார்த்தாள்.

மேடை ஏறும்போது சுவேதா எப்போதும் பெரிய சிவப்புப் பொட்டு வைப்பாள். அதற்கு மட்டும் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தாள் ஜெயப்ரியா.

முனிராஜ் பார்த்தான். "செம்மக்கா!" சுவேதா பார்த்தாள். "நானா இது?" என்று திரையைத் தொட்டுப் பார்த்தாள். அதையே விளம்பரப் போஸ்டராகவும் அடித்து மாவட்டம் முழுக்க ஒட்டினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஜெயப்ரியா மேல் சந்தேகம் வந்தது. தினமும் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது? கறுப்பு வெள்ளையில் ஒற்றை முகம், கீழே பெயர். போதாக்குறைக்கு சிவப்புப் பொட்டு. நம் வீடுகளில் சுவரில் மாட்டிய படத்தின் கண்ணாடிமேல் வெள்ளிக்கிழமை குங்குமம் வைப்பது யாருக்கு?

இரண்டு நாள் கதையை நிறுத்திவிட்டு யோசித்தேன். தெரியாதுதான் என்று முடிவு செய்தேன். பிறந்தநாள் பேனரில் மாமன், மச்சான், நண்பர் குழு என்று ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 'இன்னும் ரெண்டு மூஞ்சி சேருங்க' என்று போன் வரும். செத்தவருக்கு மட்டும்தான் முழு இடமும் கிடைக்கிறது. அங்கே ஒரு முகம், சுற்றி வெறுமை, இரண்டே நிறம். ஜெயப்ரியா அழகாகச் செய்யக் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான். ஃப்ளெக்ஸ் மாதிரி இல்லாமல் ஒன்று செய் என்றதும், அவள் கை தனக்குத் தெரிந்த ஒரே அமைதியான இடத்துக்குப் போய்விட்டது. அது எந்த இடம் என்று கை அவளிடம் சொல்லவில்லை.

(என் கையும் என்னிடம் எதையும் சொல்வதில்லை. அடுத்த பகுதியைத் தொடங்கும்போது இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.)

4

சுவேதாவின் அம்மா நாராயணம்மா. பாரூர் ஏரிப் பக்கம் ஊர், நடவு வேலை. எழுத்து தெரியாது. மகள் ஓசூரில் செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள் என்று தெரியும். பாடுகிறாள் என்று தெரியாது.

அன்று அவர் மத்தூர் சந்தைக்கு வந்தார். கத்தரிக்காய் வாங்கினார். பஸ் நிலையச் சுவரைப் பார்த்தார்.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது? 'அவர் தலையில் இடி' — இல்லை. 'உலகமே சுழ' — இல்லை. அவர் பையைக் கீழே போடவில்லை, கத்தவில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சுவேதாவின் போன் லாக்கருக்குள் கிடந்து அழுதது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், நாராயணம்மா பஸ் ஏறினார்.

ஏன் கேட்கவில்லை? பிறகு அவரே சொல்வார்.

நான் வந்த அதே வழியில்தான் அவரும் வந்தார். வேண்டுமென்றே அவரை என் ஜன்னலோரத்தில் உட்காரவைத்தேன். அதே குன்றுகள், அதே மாந்தோப்புகள். நான் அரைத்தூக்கத்தில் கடந்த வழியை அவர் கண் இமைக்காமல் கடந்தார். சூளகிரி தாண்டும்போது மடியில் போன் அடித்தது.

"அம்மா? ஏன் இத்தன தடவ கூப்ட்ட? ஷிஃப்ட் இப்பதான் முடிஞ்சிது."

நாராயணம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அம்மா? கேக்குதா?"

கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அப்போதுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு, "எங்க இருக்கற?" என்று மட்டும் கேட்டார்.

சுவேதா ஃப்ளெக்ஸ் கடையின் பெயரைச் சொன்னாள். மறுநாள் அட்டை அச்சுக்குப் போகிறது, கடைசியாக ஒரு தடவை பார்க்க அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

5

கடைக்குள் நுழைந்ததும் நாராயணம்மா மகளின் முகம், தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பிறகு முதுகில் ஓர் அடி வைத்தார். பிறகுதான் திரையைப் பார்த்தார். அங்கேயும் அதே முகம்.

"இத யாரு பண்ணது?"

"நான்தாம்மா" என்றாள் ஜெயப்ரியா. மத்தூர்ச் சுவரைப் பார்த்து என்ன நினைத்தார் என்று நாராயணம்மாவும், இது பாட்டுப் பத்திரிகையின் அட்டை என்று சுவேதாவும் சொல்லக் கேட்டதும், அவள் முதல்முறையாகத் தன் அட்டையைப் பார்த்தாள். "அய்யோ... அம்மா, பொட்ட இப்பவே அழிச்சிடறேன்."

மவுஸ் நெற்றிக்குப் போனது. நாராயணம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"பொட்டுல கை வெக்காத! கல்யாணம் ஆவாத பொண்ணு நெத்திய அழிப்பியா?"

வைத்தாலும் ஆகாது, எடுத்தாலும் ஆகாது. இப்படி ஒரு முடிச்சு விழும் என்று நான் திட்டமிடவில்லை, சத்தியமாக. ஜெயப்ரியாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

அட்டை பார்க்க வந்திருந்த முனிராஜ், "ஆய்த்து பிடி, ஆய்த்து பிடி" என்று கன்னடத்தில் 'ஆச்சு, விடுங்க' என்று சமாதானம் சொல்லிவிட்டு, "கலர்ல போட்டுரலாம்க்கா" என்றான்.

ஒரு பட்டனைத் தட்டியதும் கன்னத்துக்கு மஞ்சளும் ரிப்பனுக்கு நீலமும் திரும்பி வந்தன. நாராயணம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கலர மாத்தினா, நான் பாத்தது போயிடுமா? செவுத்துல பாத்தன். யாரையும் கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துக்கினு பஸ் ஏறிட்டன். வழி பூரா இந்த மூஞ்சிதான். இப்பிடியே வாய மூடிக்கினு என்னப் பாத்துது." மகளிடம் திரும்பினார். "பாட்டும் வேணாம், புக்கும் வேணாம். கெளம்பு, ஊருக்குப் போலாம்."

"நான் வர்லம்மா."

"பாடறன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா திட்டுவ."

"திட்டுவன்தான். திட்டினா என்ன? செத்தா போயிடுவ?"

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவரே பயந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

6

இப்போது முடிவுகள்.

(அ) நாராயணம்மா மனம் இளகுகிறார். 'உன் இஷ்டம் போலப் பாடு கண்ணு' என்கிறார். அட்டை அச்சாகிறது, எல்லாரும் டீ குடிக்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், இனித்தது. அடித்துவிட்டேன். அந்தப் பஸ்ஸில் வந்த பெண்மணி இவ்வளவு சீக்கிரம் இளக மாட்டார்.

(ஆ) சுவேதா பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறுகிறாள். அட்டையில் ஒரு மைக்கின் படம் வருகிறது. யாரும் அதைக் கெட்டது என்று சொல்லவில்லை, யாரும் எடுத்து வைக்கவும் இல்லை. இதுதான் நடக்கக்கூடியது. நடக்கக்கூடியது என்பதாலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

(இ) அந்தக் கல்லூரி மாணவியைக் கண்டுபிடித்து, உண்மையில் என்ன நடந்தது என்று—

இல்லை. உண்மையான பெண் நன்றாக இருக்கட்டும். என் சுவேதாவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

7

கடைக்குள் கத்தரிக்காய்ப் பை நாற்காலியில் சாய்ந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரோஜாக் கட்டுகள் ஏற்றிய வண்டி ஒன்று போனது. அந்தச் சிவப்பு ஒரு கணம் நாலு பேர் முகத்திலும் பட்டு நகர்ந்தது. (ரோஜா வண்டி வேண்டுமா என்று யோசித்தேன். ஓசூரில் அது எப்படியும் போகும். இருக்கட்டும்.)

"உன் கண்ணுல நான் வாய மூடிக்கினேதான நிக்கறன்?" என்றாள் சுவேதா.

நாராயணம்மா தலையை ஆட்டினார்.

"சரி, அப்ப பாரு. தொறக்கறன்."

அம்மாவுக்கு நேராக வந்து நின்றாள். முனிராஜ் மேசை விளிம்பில் விரலால் மெல்லத் தட்டத் தொடங்கினான். ஜெயப்ரியா சத்தமில்லாமல் போனை எடுத்துக் கேமராவைத் திறந்தாள். புது அட்டை இதுவாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இந்தப் பாட்டு முடியும்போது நாராயணம்மா என்ன சொல்வாரோ, அதுதான்.

அந்தப் பாட்டை நான் எழுதவில்லை. முயன்றேன். எந்த மொழியில் தொடங்கினாலும் அது என் பாட்டாகத்தான் வந்தது, அவளுடையதாக வரவில்லை. அதனால் இந்த இடத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்த குரலை அவளுக்குக் கொடுங்கள். நாராயணம்மாவின் முகத்தை நீங்களே பாருங்கள். போனைப் பிடித்திருப்பதும் நீங்கள்தான், எப்போது அழுத்த வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மத்தூர்ச் சுவரைப் பார்த்து நான் சொன்ன அந்தப் 'பாவ'த்தை இங்கே திரும்ப எடுத்துக்கொள்ளவே இவ்வளவும் எழுதினேன். அவசரப்பட்டு அழுத்திவிடாதீர்கள். அவள் உதடுகள் பிரிந்துவிட்டன. தோள்கள் மெல்ல உயர்கின்றன. அவள் மூச்சு இழுக்கிறாள்